வரன் படிவத்தின் 14ஆம் கேள்வியை எடுங்கள்: நம் திருமணத் தகவல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கும்,

போன மாதம் கூடி வரன் பதிவுப் படிவத்தை மாற்றியிருக்கிறீர்கள். புதுப் படிவத்தில் 14ஆம் கேள்வியாக, குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் யாருக்காவது மனநோய், வலிப்பு இருந்ததா, யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா, இருந்தால் உறவுமுறை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு விடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த தனியார் லேப்காரர்கள் எச்சிலை வைத்துச் செய்கிற ‘மூளை ஜீன் டெஸ்ட்’ அறிக்கையை இணைப்பவர்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. இந்தக் கேள்வியையும் அந்த வரியையும் எடுக்கச் சொல்லித்தான் இந்த மடல். நேரில் வந்து பேசிப் பார்த்தேன். "முடிவெடுத்தாச்சு டீச்சர்" என்று அனுப்பிவிட்டீர்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன், உங்கள் பிள்ளைகளில் பலருக்கு மரபியல் பாடம் நடத்தியவள் நான்தான். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அவனைப் பற்றி இங்கே எழுதுகிறேன், எழுதியதை அவனுக்குப் படித்தும் காட்டிவிட்டேன்.

என் மகளுக்காகப் படிவம் வாங்கினோம். 14ஆம் கேள்விக்கு அவளே, "ஆம், தாய்மாமனுக்கு, தொடர்ந்து சிகிச்சையில் நலமாக இருக்கிறார்" என்று எழுதினாள். அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கிட்டத்தட்ட பேசி முடிந்திருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றுபோனது. அது போகட்டும், மனசில்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்து என்ன செய்யப்போகிறோம். என்னால் பொறுக்க முடியாதது அதற்கப்புறம் நடந்ததுதான். குழுவைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, அடுத்த வரன் அமைந்தால் தம்பியை முன்னால் நிறுத்த வேண்டாம், தாய்மாமன் சீரை வேறு யாராவது கொண்டுவரட்டும் என்று யோசனை சொன்னார். தம்பி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். காதுகுத்துக்கு அவன் மடியில்தான் அவளை உட்காரவைத்தோம். அவன் உயிரோடு, நல்லபடியாக, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கும்போது அவன் இடத்தில் வேறு யாரை நிறுத்துவது?

அவனுக்கு நோய் வந்தது பத்தொன்பது வயதில். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போனது, அப்புறம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிற சத்தம் கேட்கிறது என்றான், அப்புறம் சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்று எங்களையே சந்தேகப்பட்டான். பூசாரி, தாயத்து எல்லாம் முடிந்து டாக்டரிடம் போகும்போது வருடம் ஒன்று ஓடிவிட்டது. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். அப்பா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. மூளையில் எங்கே கோளாறு என்று அந்தப் படத்தில் தெரிந்துவிடும், தெரிந்தால் சரி பண்ணிவிடலாம் என்று எல்லாரும் நம்பினோம். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தது. அப்பாவுக்கு அதை நம்பவே முடியவில்லை, வேறு இடத்தில் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ‘நார்மல்’ பொய் இல்லை. மனச்சிதைவு உள்ள ஆயிரக்கணக்கான பேரின் ஸ்கேனையும் நோய் இல்லாத ஆயிரக்கணக்கான பேரின் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துச் சராசரி எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்: நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் சிறியது, மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் கொஞ்சம் பெரியவை, மேலே இருக்கிற புறணி கொஞ்சம் மெல்லியது. கூட்டத்தின் சராசரி அது. தனி ஆள் ஒருவரின் படத்தைப் பார்த்து இவருக்கு நோய் இருக்கிறது, இவருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கத்து அளவுகளும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன. படமெடுத்துப் பார்த்தே சொல்ல முடியாத ஒன்றைத்தான் லேப்காரர்கள் எச்சிலைப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள், அதுவும் நோயே வராத பிள்ளைகளுக்கு.

மரபணுவுக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிச்சயம் இருக்கிறது. 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் எனிக்மா என்ற உலகக் கூட்டமைப்பின் ஆய்வு ஒன்று வந்தது. 51,000க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, புறணியின் பரப்பையும் தடிமனையும் பாதிக்கிற இடங்கள் டி.என்.ஏ.வில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடினார்கள். 199 இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றின் பாதிப்பும் மிக மிகச் சிறியது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் மனச்சிதைவு பற்றியே ஒரு பெரிய ஆய்வு: நோயுள்ள 76,755 பேர், நோயில்லாத 2,43,649 பேர், அதில் கிடைத்தவை 287 இடங்கள். இவற்றில் பெரும்பாலானவை சர்வசாதாரணமான மாறுபாடுகள். உங்களிடமும் இருக்கின்றன, என்னிடமும் இருக்கின்றன, சம்பந்தத்தை நிறுத்திய அந்தக் குடும்பத்திலும் நிறைய இருக்கும். எதுவும் தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை. இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போடலாம், ஆராய்ச்சிக்கு அது உதவுகிறது, ஆனால் தனி ஆளுக்கு நோய் வருமா வராதா என்று சொல்கிற வலு அதற்கு இன்னும் கிடையாது. அதிலும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர், அடுத்து கிழக்கு ஆசியர்கள். ஒரு மக்களை வைத்துக் கட்டிய மதிப்பெண் வேறு மக்களுக்குப் போகும்போது இன்னும் தடுமாறும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். லேப்காரர்கள் இதை உங்களிடம் சொன்னார்களா? நீங்கள் கேட்டீர்களா?

இந்த ஆராய்ச்சிகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2016இல் வந்த ஒன்று. ஆறாவது குரோமோசோமில் சி4 என்று ஒரு ஜீன். நோய் எதிர்ப்புக்கான புரதத்தைச் செய்வது அதன் வேலை. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடுகிற இணைப்புகளில் வேண்டாதவற்றைக் களைகிற வேலையிலும் அது சேர்கிறது. குழந்தையாக இருக்கும்போது நமக்கு இணைப்புகள் தேவைக்கு மேல் இருக்கும். வளரிளம் பருவத்திலும் அதற்குப் பிறகும் அவை குறைந்து ஒழுங்காகும், எல்லாருக்கும் நடப்பதுதான் இது. சி4இன் சில வகைகள் இருப்பவர்களுக்கு அந்தக் களைதல் கொஞ்சம் அதிகமாக நடக்கலாம், அதனால் மனச்சிதைவுக்கான வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. கொஞ்சம்தான். நன்றாக இருந்த பிள்ளைக்கு ஏன் பதினெட்டு, இருபது வயதில் வருகிறது என்ற கேள்விக்கு ஒரு வழி அதில் தெரிகிறது. என் அம்மா கடைசிவரை "நான் என்ன பாவம் பண்ணினேன், எந்தச் சாமியை மறந்தேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஆராய்ச்சி வருவதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவின் தவறும் இல்லை, தம்பியின் தவறும் இல்லை, நாங்கள் அவனை வளர்த்த விதமும் இல்லை என்று சொல்ல உதவுகிற அறிவியல் இது. அதைக் கொண்டுவந்து நீங்கள் குடும்பத்துக்கே முத்திரை குத்தப் பயன்படுத்துகிறீர்கள், இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லேப்காரர்களின் நோட்டீசில் ‘மனச்சிதைவு 80 சதவீதம் பரம்பரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் குழுவில் பலர் பயந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் நோய்க்கான வாய்ப்பில் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்கிற கணக்கு அது. குடும்பத்துக்கு என்ன ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் வேறு எண்களைப் பார்க்க வேண்டும். பொதுவாக மனச்சிதைவு நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூறில் ஒன்பது, பத்து. மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்தால் நூறில் மூன்று, நான்கு. அதாவது என் மகளைப் போன்ற நூறு பெண்களில் தொண்ணூற்றாறு பேருக்கு வராது. இன்னொரு பக்கம், மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களின் பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ அந்த நோய் இருப்பதில்லை. உங்கள் படிவத்தில் ‘இல்லை’ என்று நேர்மையாக எழுதிய வீடுகளிலிருந்துதான் புது நோயாளிகளில் பெரும்பங்கு வருவார்கள். அப்படியானால் கேள்வி யாரைக் காப்பாற்றுகிறது?

ஒரே கருவிலிருந்து பிரிந்து, ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் இன்னொருவருக்கும் வருவது பாதிக்குப் பாதிகூட இல்லை என்று பழைய ஆய்வுகளிலிருந்தே தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி வளர்த்த குளோன் நாற்றை நடுவட்டத்துப் பனியிலும் நடுகிறோம், சேரம்பாடி மழையிலும் நடுகிறோம், இரண்டும் ஒரே மாதிரியா கொழுந்து விடுகிறது? பிறக்கும்போது மூச்சுத்திணறுவது, தாயின் வயிற்றில் இருக்கும்போது நேர்கிற சிக்கல்கள், சின்ன வயது அடி உதை, வளரும் வயதில் கஞ்சா, ஊர்விட்டு ஊர் பெயர்வது, இவை எல்லாமே மனச்சிதைவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் பையன்கள் கையில் கஞ்சா எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். படிவத்தில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

மனநோய் வாய்ப்பை மிக அதிகமாகக் கூட்டுகிற மரபணு மாற்றங்களில் ஒன்று 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப்போவது. அது இருப்பவர்களுக்குப் புறணியின் பரப்பிலேயே வித்தியாசம் தெரிகிறது, நான்கில் ஒருவருக்கு வளர்ந்தபின் மனச்சிதைவு போன்ற நோய் வருகிறது. மீதி மூன்று பேருக்கு வருவதில்லை. அதுவும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மாற்றம் புதிதாக நேர்ந்தது, அப்பா அம்மா இருவரிடமும் இருக்காது. மூன்று தலைமுறை என்ன, முப்பது தலைமுறை விசாரித்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று தலைமுறை என்று எழுதும்போது நீங்கள் யாரை நினைத்து எழுதினீர்கள்? நம்மில் பாதிப்பேரின் தாத்தா பாட்டி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆனது. என் பாட்டியின் கூடப்பிறந்தவர்களில் இருவர் பதுளைப் பக்கம் நின்றுவிட்டார்கள், அப்புறம் கடிதமும் நின்றுபோனது. மண்டபம் முகாமில் இறங்கி, எங்கெங்கோ அலைந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து லைன் வீட்டில் குடியேறியவர்களிடம், உன் பெரியப்பாவுக்கு அங்கே புத்தி சரியாக இருந்ததா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மறைக்கிறார்கள் என்பீர்கள். பெயர்த்து நட்ட வேதனையில் தூக்கம் போய், பேச்சுக் குழறி, குடியில் விழுந்து போன பெரியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அதை அவர்கள் இரத்தத்தில் ஓடிய குறை என்று படிவத்தில் எழுதச் சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

நான் நேரில் வந்தபோது செயலாளர் அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: சிக்கிள் செல் என்ற இரத்த நோய்க்குக் கல்யாணத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, இதற்கு எடுத்தால் என்ன? அங்கே பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, இங்கே சொல்கிறேன். சிக்கிள் செல் ஒரே ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால் வருவது. இந்தியாவிலேயே முதன்முதலில் அதைக் கண்டறிந்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். இரண்டு பேரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு என்று தெளிவாகக் கணக்குச் சொல்லலாம். இரத்தப் பரிசோதனை உறுதியாகச் சொல்கிறது, வைத்தியம் இருக்கிறது, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். அந்த நோய் மூளைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கே பக்கவாதம் கொண்டுவரும், அதனால் முன்கூட்டித் தெரிவது உயிரைக் காக்கிற விஷயம். மனநோய்க்கும் வைத்தியம் இருக்கிறது, ஆனால் ஒரே ஜீன், தெளிவான கணக்கு, உறுதியாகச் சொல்கிற பரிசோதனை, இந்த மூன்றும் அதில் கிடையாது. உண்மையிலேயே பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பற்றிக் கவலை என்றால், அக்கா மகளைக் கட்டுவதையும் மாமன் மகளைக் கட்டுவதையும் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வெளியே தெரியாமல் ஒடுங்கியிருக்கிற ஒரே பழுதான ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்து பிள்ளைக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வருவதற்கு நெருங்கிய உறவுத் திருமணம் தெரிந்த காரணம். உங்கள் படிவத்தில் ‘சொந்தத்தில் விருப்பமா’ என்ற கட்டம் அப்படியே இருக்கிறது.

டெஸ்ட்டே கூடாது என்கிறவள் இல்லை நான். வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கிற கார்பமசிபின் மாத்திரை சிலருக்குத் தோலே உரிந்துபோகிற ஆபத்தைக் கொண்டுவரும், ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் இருக்கிற ஒரு மரபணு வகையைப் பார்த்து அதைத் தவிர்க்கலாம். அப்படி ஒரு டெஸ்ட் டாக்டர் எழுதிக்கொடுத்து நோயாளியின் நன்மைக்காக எடுப்பது. வரனுக்கு முன்னுரிமை வாங்க எடுப்பது அல்ல.

வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் அடிபட்டாலும் வரும், மூளையில் நாடாப்புழுக் கட்டி தங்கினாலும் வரும், நம் நாட்டில் அது சாதாரணம். இந்து திருமணச் சட்டத்திலேயே திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு 1999இல் எடுக்கப்பட்டுவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிக் கவனிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. மனநோய் உள்ளவரின் உடல்நலம், சிகிச்சை பற்றிய விவரம் ரகசியமாக இருப்பது அவர் உரிமை என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் கைவிட்டதை நாம் ஏன் கையில் எடுக்க வேண்டும்?

படிவம் வந்தபிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் மாத்திரை வாங்கப் போகிற நாளில் என்கூட பஸ்ஸில் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு அம்மா தன் மகனின் மாத்திரையை நிறுத்திவிட்டார், மகளுக்கு வரன் பார்க்கும்வரைதான் டீச்சர் என்கிறார். இன்னொரு வீட்டில் கல்லூரிப் பையன் மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, டாக்டரிடம் போனால் அட்டையில் எழுதிவிடுவார்கள், அப்புறம் அக்கா கல்யாணம் நடக்காது என்று பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தடவை வரும்போது எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. எங்கள் வீட்டில் போன அந்த ஒரு வருடத்தின் விலை என்னவென்று எனக்குத் தெரியும். இன்றைக்குத் தம்பி ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை செய்கிறான், லீவு போடுவது அபூர்வம். அவனுக்கு மறுபடி சரியில்லாமல் போனதெல்லாம் மழையில் மண் சரிந்து ரோடு மூடி, ஊட்டிக்கு பஸ் இல்லாமல் மாத்திரை தீர்ந்த காலங்களில்தான். விடியற்காலை பஸ்ஸுக்கு யானைக்குப் பயந்து டார்ச்சோடு நடக்கிற குடும்பங்கள் இவை. குழுவின் பணமும் செல்வாக்கும் எங்கே போயிருக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

நான் கேட்பவை இவை. 14ஆம் கேள்வியை முழுதாக நீக்குங்கள், திருத்தி வைத்துக்கொள்வதெல்லாம் வேண்டாம். இதுவரை நிரப்பிக் கொடுத்த படிவங்களில் அந்தப் பக்கத்தை அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் போன படங்களை அழிக்கச் சொல்லிக் குழுவின் பெயரில் அறிவிப்புப் போடுங்கள், இனிப் படிவத்தைப் படமெடுக்கிறவர் பொறுப்பில் இருக்கக் கூடாது என்றும் தீர்மானம் போடுங்கள். லேப் அறிக்கைக்கு முன்னுரிமை என்ற வரியை எடுங்கள், சமுதாயக் கூடத்தில் அவர்களுக்குக் கொடுத்த முகாம் தேதியை ரத்துசெய்யுங்கள், ஏற்கெனவே எச்சில் மாதிரி கொடுத்தவர்களின் மாதிரியையும் விவரத்தையும் அழித்ததற்கு எழுத்தில் உறுதி வாங்கிக் கொடுங்கள். உடல்நலம் பற்றி ஏதாவது வேண்டுமென்றால் சிக்கிள் செல், தலசீமியா பரிசோதனை பற்றி ஒரு தகவல் தாள் மட்டும் கொடுங்கள், எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம், முடிவு அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் மாதம் ஒரு முறையாவது பந்தலூர்ப் பக்கம் வர வேண்டும், மழைக்காலத்துக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து தலைவர் ஐயாவுடையதாக இருக்கட்டும். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், அதை அலுவலகப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். தம்பியின் இடத்தைப் பற்றி யோசனை சொன்னவர் வீட்டுக்கு வந்து அவனிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் எனக்கும், பேச விரும்புகிற மற்றக் குடும்பங்களுக்கும், தம்பிக்கும் பேச நேரம் ஒதுக்குங்கள். கூட்டத் தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், அவனுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.